லென்ஸுக்கு எவ்வளவு வரி? தேனி ஸ்டுடியோக்காரரின் பட்ஜெட்டைத் தீர்மானிக்கும் 8 இலக்க எண்

தை பிறந்துவிட்டால் தேனி மாவட்டத்தில் கல்யாண மண்டபங்களுக்கு ஓய்வு கிடையாது. போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என எல்லா ஊரிலும் முகூர்த்த நாளில் மேளச் சத்தம் கேட்கும். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோஷூட்டுக்கு மேகமலையும் வைகை அணையும் இருக்கின்றன. இந்த வேலைக்காகக் கம்பத்தில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர் நல்ல போர்ட்ரெய்ட் லென்ஸ் ஒன்றுக்கு விலை விசாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அவருக்கு மூன்று விலை கிடைக்கும். வெளிநாட்டு இணையதளத்தில் டாலரில் போட்டிருக்கும் விலை ஒன்று. இங்கே ஷோரூமில் பில்லோடு சொல்லும் விலை இன்னொன்று, முதல் விலையைவிடக் கணிசமாகக் கூடுதல். "பில் வேணாம்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம்ணே" என்று வருவது மூன்றாவது.

ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "இம்போர்ட் டூட்டிங்க." சரி, லென்ஸுக்கு இறக்குமதி வரி எவ்வளவு? 'எந்த லென்ஸ், எந்த நிலையில், யாருக்காக வருகிறது' என்று சொல்லாமல் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. ஒரே ஒளியியல் கண்ணாடி, அது எதில் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து சுங்கத் துறையின் அட்டவணையில் வேறு வேறு எண்ணுக்குப் போய்விடும். எண் மாறினால் வரி மாறும். சில சமயம் அந்தப் பொருள் நாட்டுக்குள் வரலாமா என்பதே மாறும்.

அது எப்படி என்று பார்ப்போம்.

தேனியிலேயே எத்தனை லென்ஸ்?

தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1985-லிருந்து இயங்குகிறது. அங்கே கண்புரை அறுவைச் சிகிச்சையின்போது கண்ணுக்குள் வைப்பதும் லென்ஸ்தான். கடைத்தெருவில் உள்ள கண்ணாடிக் கடையில் பவருக்கு ஏற்ப வெட்டி ஃபிரேமில் மாட்டித் தருவதும் லென்ஸ்தான். ஸ்டுடியோவில் கேமரா முன்னால் திருகி மாட்டுவது, உங்கள் கையில் இருக்கும் செல்போனுக்குள் பட்டாணியைவிடச் சின்னதாக உட்கார்ந்திருப்பது, போடிமெட்டுப் பக்கம் ஏலக்காய்ச் செடியில் இலைப்பேன் இருக்கிறதா என்று பார்க்கப் பயன்படும் கைலென்ஸ் என இன்னும் பல உண்டு.

பேச்சு வழக்கில் இவை எல்லாம் 'லென்ஸ்'. சுங்க அட்டவணையில் அப்படி இல்லை. பவர் லென்ஸ் 9001-ல் இருக்கிறது. கேமரா லென்ஸ் 9002-ல். கைலென்ஸ் 9013-ல். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ், செயற்கை உடல் பாகங்களோடு சேர்ந்து 9021-ல்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன?

நீங்கள் வாங்கும் பொருளின் ஜிஎஸ்டி பில்லில் 'எச்.எஸ்.என்' என்று ஒரு எண் இருக்கும். உலக சுங்க அமைப்பு உருவாக்கிய வகைப்பாட்டு முறை அது. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. 200-க்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் இதைப் பயன்படுத்துகின்றன. முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். அதற்குப் பிறகு இந்தியா தன் தேவைக்கு இரண்டு இலக்கம் சேர்த்து எட்டாக வைத்திருக்கிறது. இந்தியாவில் இதற்கான சட்டம் 1975-ஆம் ஆண்டின் சுங்கக் கட்டணச் சட்டம்.

கேமரா லென்ஸின் எண்ணையே எடுத்துக்கொள்வோம்: 9002 11 00. இதில் 90 என்பது அத்தியாயம். ஒளியியல் கருவிகள், அளவைக் கருவிகள், மருத்துவக் கருவிகள் எல்லாம் அங்கேதான். 9002 என்பது தலைப்பு: பொருத்தப்பட்ட ஒளியியல் உறுப்புகள். 11 என்பது உட்பிரிவு: கேமரா, புரொஜெக்டர் போன்றவற்றுக்கான முன்பக்க லென்ஸ். கடைசி இரண்டு பூஜ்யங்கள், இந்தியா இதை மேலும் பிரிக்கவில்லை என்று சொல்கின்றன.

பொருளை எந்தத் தலைப்பில் போடுவது என்பதற்கு ஆறு பொது விதிகள் இருக்கின்றன. முதல் விதிதான் அடிப்படை: தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது, அத்தியாயக் குறிப்பு என்ன சொல்கிறது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். கடைக்காரர் என்ன பெயரில் விற்கிறார், பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பொருத்தியதா, பொருத்தாததா?

9001, 9002 இரண்டிலுமே லென்ஸ், முப்பட்டகம், ஆடி, ஃபில்டர் எல்லாம் வரும். இரண்டையும் பிரிக்கும் கோடு ஒன்றே ஒன்றுதான். வெறும் உறுப்பாக இருந்தால் 9001. ஏதாவது ஒரு சட்டகத்திலோ வளையத்திலோ குழலிலோ நிலையாகப் பொருத்தப்பட்டு, ஒரு கருவியில் மாட்டுவதற்குத் தயாராக இருந்தால் 9002.

ஸ்டுடியோவில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் போலரைசர். பாலித்தாள் மாதிரி ஷீட்டாக வந்தால் அது 9001. அதையே வட்டமாக வெட்டி, மரை உள்ள உலோக வளையத்துக்குள் வைத்து, லென்ஸ் முன்னால் திருகும் ஃபில்டராக வந்தால் 9002. ஒளியைக் கையாளும் பொருள் இரண்டிலும் ஒன்றுதான். சேர்ந்தது ஒரு வளையம்.

வளையத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று தோன்றலாம். அதற்கு ஒரு நியாயம் உண்டு. பொருத்தாத கண்ணாடித் துண்டு மூலப்பொருளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை எடுத்து எதிலும் வைக்கலாம், இங்கே இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. பொருத்தி முடித்தது கிட்டத்தட்ட முழுப் பொருள். எது மூலப்பொருள், எது பாதி முடிந்தது, எது முழுசாக முடிந்தது என்று பிரித்து வரி போடுவதுதான் எல்லா நாட்டு வரி அட்டவணைக்கும் அடிப்படை.

ஆனால் வளையம் இருந்தாலே 9002 என்று நினைத்துவிடக் கூடாது. 'கருவியின் பாகமாகவோ, கருவியில் மாட்டுவதாகவோ' இருக்க வேண்டும் என்று அந்தத் தலைப்பே சொல்கிறது. ஏலக்காய்த் தோட்டத்துக் கைலென்ஸைப் பாருங்கள். அதிலும் லென்ஸ் ஒரு சட்டத்தில் பொருத்தப்பட்டுத்தான் இருக்கிறது, பிடியும் இருக்கிறது. ஆனால் அது எந்தக் கருவிக்கும் பாகம் இல்லை. அதுவே தனிக் கருவி. அதனால் 9013-க்குப் போகிறது. நகைக்கடையில் கல் பார்க்கும் லூப்பும் அதே கதைதான்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. உறுப்பு கண்ணாடியால் ஆனதாக இருந்தால், அது ஒளியியல் முறையில் தேய்த்து மெருகேற்றியதாக இருக்க வேண்டும். அச்சில் வார்த்து, மேற்பரப்பைச் செம்மை செய்யாமல் விட்ட கண்ணாடி 90-ஆம் அத்தியாயத்துக்கே வராது. பொதுவான கண்ணாடிப் பொருட்களுக்கான 70-ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடும்.

மூக்குக்கண்ணாடியும் 'பொருத்தியது'தானே?

நல்ல கேள்வி. பவர் லென்ஸ் தனியாக வந்தால் 9001. ஃபிரேம் தனியாக வந்தால் 9003. லென்ஸைப் ஃபிரேமில் மாட்டி முழுக் கண்ணாடியாக வந்தால், அதற்கென்றே 9004 என்று தனித் தலைப்பு இருக்கிறது. குறிப்பான தலைப்பு இருக்கும்போது பொதுவான தலைப்புக்குப் போகக் கூடாது.

கேமராவும் அப்படித்தான். பாடியும் லென்ஸும் சேர்ந்து ஒரே பெட்டியில் வந்தால் மொத்தமும் கேமராவாகி 8525-க்குப் போகும். லென்ஸ் மட்டும் தனிப் பெட்டியில் வந்தால் 9002.

"அப்போ கழட்டித் தனித்தனியாக் கொண்டு வந்தா வரி மிச்சமாகுமா?" என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். பிரித்த நிலையில் இருந்தாலும், ஒன்றாக இறக்குமதிக்கு வைக்கும்போது முழுப் பொருளின் தன்மை அதில் இருந்தால் முழுப் பொருளாகவே கருத வேண்டும் என்று இரண்டாவது பொது விதி சொல்கிறது.

வரிக் கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

இறக்குமதியாகும் பொருளுக்கு மூன்று அடுக்கு வரி. முதலில் அடிப்படைச் சுங்க வரி. பொருளின் விலையோடு கப்பல் அல்லது விமானக் கட்டணத்தையும் காப்பீட்டையும் கூட்டி வரும் மதிப்பின்மேல் இது போடப்படும். அந்தச் சுங்க வரியின்மேல் 10% சமூக நலக் கூடுதல் வரி. 2018 பட்ஜெட்டில் கல்வி செஸ்ஸுக்குப் பதிலாக வந்தது இது. இந்த மூன்றையும் கூட்டி, அதன்மேல் ஐஜிஎஸ்டி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். துறைமுகத்துக்கு வந்து சேரும் மதிப்பு 50,000 ரூபாய். அடிப்படை வரி 10% என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். சுங்க வரி 5,000. கூடுதல் வரி 500. மொத்தம் 55,500. அது கேமரா லென்ஸ் என்றால் 18% ஐஜிஎஸ்டி, அதாவது 9,990. ஆக மொத்த வரி 15,490 ரூபாய்.

அதே 50,000 ரூபாய் மதிப்புக்குப் பவர் லென்ஸ்கள் வந்தால்? 2025 செப்டம்பர் 22 முதல் பவர் லென்ஸுக்கும் கான்டாக்ட் லென்ஸுக்கும் ஃபிரேமுக்கும் ஜிஎஸ்டி 12%-லிருந்து 5% ஆகிவிட்டது. அடிப்படை வரி அதே 10% என்று வைத்தாலும் ஐஜிஎஸ்டி 2,775-தான். மொத்த வரி 8,275. கேமரா லென்ஸுக்குக் கட்டியதில் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. வரிமேல் வரி. பட்ஜெட்டில் கேமரா லென்ஸுக்கு அடிப்படை வரியை 10-லிருந்து 15% ஆக்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். செய்தியில் '5% உயர்வு' என்று வரும். கூடுதல் வரியும் ஐஜிஎஸ்டியும் அதன்மேல் ஏறுவதால், 50,000 ரூபாய் லென்ஸுக்கு மொத்த வரி 15,490-லிருந்து 18,735 ஆகும். 3,245 ரூபாய் கூடுதல், அதாவது கிட்டத்தட்ட 6.5%.

இந்தச் சுமை யார் தலையில்?

ஷோரூம்காரர் இறக்குமதியில் கட்டிய ஐஜிஎஸ்டியை, தான் விற்கும்போது வசூலிக்கும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வார். சென்னையிலோ கோவையிலோ ஜிஎஸ்டி பதிவு உள்ள பெரிய ஸ்டுடியோ அந்த லென்ஸை வாங்கினால், அதுவும் தான் கட்டிய 18%-ஐ இன்புட் டாக்ஸ் கிரெடிட்டாக எடுத்து, கல்யாண ஆர்டருக்கு வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்ளும்.

கம்பத்துச் சின்ன ஸ்டுடியோவால் அப்படி முடியுமா? சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர்களுக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. அது சலுகைதான். ஆனால் பதிவு இல்லை என்றால் கிரெடிட்டும் இல்லை. அந்த 18% அவருக்கு முழுச் செலவு. ஒரே லென்ஸ், ஒரே பில் தொகை. பெரிய ஸ்டுடியோவுக்கு உண்மையான விலை குறைவு, சின்ன ஸ்டுடியோவுக்கு அதிகம். இது போக, அடிப்படைச் சுங்க வரியையும் கூடுதல் வரியையும் யாராலும் கழிக்க முடியாது. அது லென்ஸின் விலைக்குள்ளேயே உட்கார்ந்துவிடும்.

'பில் இல்லாத' மூன்றாவது விலைக்கு ஆள் கிடைப்பது இதனால்தான். கிரெடிட் எடுக்க முடியாதவருக்குப் பில்லால் உடனடி லாபம் தெரிவதில்லை. ஆனால் வாரண்டி கிடையாது, திருடு போனால் காப்பீடு கேட்க ஆதாரம் கிடையாது. வரி கட்டாமல் வந்த பொருள் என்று தெரிந்தால் பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு.

செல்போன் லென்ஸுக்கு மட்டும் சலுகை ஏன்?

வரி விகிதம் எண்ணோடு முடிந்துவிடுவதில்லை. அதற்கு மேலே அரசு அறிவிக்கை மூலம் சலுகை கொடுக்கும். செல்போன் கேமரா மாட்யூல் தயாரிக்கப் பயன்படும் கேமரா லென்ஸுக்கு 2022 பட்ஜெட்டில் சுங்க வரி 15%-லிருந்து 2.5% ஆனது. 2023 பட்ஜெட்டில் அதுவும் நீக்கப்பட்டது. செல்போன் உதிரிபாகத் தயாரிப்பை இங்கே வளர்க்க வேண்டும் என்பது அரசின் கணக்கு. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் செல்போன் ஆலைகள் இருப்பதால் தமிழ்நாட்டுக்கும் இதில் அக்கறை உண்டு.

ஆனால் இது பயனாளரைப் பொறுத்த சலுகை. அந்த லென்ஸை மாட்யூல் தயாரிக்கத்தான் பயன்படுத்துவேன் என்று முன்கூட்டியே தகவல் கொடுத்து, பத்திரம் எழுதி, கணக்குக் காட்ட வேண்டும். அதற்கென்று 2022-ல் தனி விதிகளே வந்தன. ஸ்டுடியோக்காரர் தன் கேமராவுக்கு வாங்கும் லென்ஸுக்கு இந்தக் கதவு திறக்காது.

இதில் அரசின் தர்க்கம் புரிகிறது. உதிரிபாகத்துக்கு வரி குறைவு, முழுப் பொருளுக்கு வரி அதிகம் என்று வைத்தால் தொழிற்சாலை இங்கே வரும். செல்போனில் அது ஓரளவு நடந்திருக்கிறது. ஆனால் மாற்றி மாட்டும் கேமரா லென்ஸ்களில், நம்மூர் ஸ்டுடியோக்கள் வாங்கும் பெரிய பிராண்டுகள் எல்லாம் வெளிநாட்டில் தயாராகி வருபவைதான். அங்கே வரி யாரைப் பாதுகாக்கிறது என்ற கேள்வி நியாயமானது. பாதுகாக்க உள்ளூர்த் தயாரிப்பு இல்லாத இடத்தில் அது வெறும் வருவாய் வரி. அதைக் கட்டுவது தொழில் கருவி வாங்கும் சின்ன ஆள்.

கண்ணுக்குள் போகும் லென்ஸ் சொல்லும் பாடம்

இந்தக் கேள்விக்கு மதுரை–தேனி வட்டாரத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. கண்புரை அறுவைச் சிகிச்சையில் உள்விழி லென்ஸ் வைக்கும் முறை பரவியபோது, லென்ஸ் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டியிருந்தது. ஒன்றின் விலை 100 டாலர் அளவில். 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு டாக்டர் ஜி.வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வரும் ஏழை நோயாளிகளுக்கு அது எட்டாத விலை. 1992-ல் மதுரையில் ஆரோலேப் தொடங்கப்பட்டது. இங்கேயே லென்ஸ் செய்தார்கள். விலை சுமார் 10 டாலருக்கு இறங்கியது, பிறகு இன்னும் குறைந்தது. இன்று அந்த லென்ஸ்கள் பல வெளிநாடுகளுக்கும் போகின்றன.

வரிக் குறைப்பால் மட்டும் 100 டாலர் 10 டாலர் ஆகியிருக்காது. தொழில்நுட்பத்தைக் கற்று உள்ளூரில் செய்ததால் ஆனது. அதே நேரம் வகைப்பாடும் கைகொடுத்தது. உள்விழி லென்ஸ் ஒளியியல் உறுப்புதான், ஆனாலும் அட்டவணை அதை உடலுக்குள் வைக்கும் செயற்கை உறுப்பாகப் பார்க்கிறது. 2022 ஜூலை 18 முதல் அதன் ஜிஎஸ்டி 12%-லிருந்து 5% ஆனதும் எலும்பு முறிவுச் சாதனங்கள், செயற்கை உறுப்புகள் என்ற அந்தக் கூட்டத்தோடு சேர்த்துத்தான். கேமரா லென்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் 18% கட்ட வேண்டியிருக்கும்.

ட்ரோன் விஷயத்தில் நடந்தது என்ன?

கல்யாண வீடியோவுக்கு இப்போது ட்ரோன் இல்லாமல் முடியாது. திராட்சைத் தோட்டத்தில் மருந்து அடிக்கவும் ட்ரோன் வந்துவிட்டது. இங்கே 'பொருத்தியதா, பிரிக்கக்கூடியதா' என்ற அதே கேள்வி வேறு ரூபத்தில் வந்தது. கேமரா உடம்போடு சேர்ந்திருந்தால் அது கேமரா என்று 18% ஜிஎஸ்டி, சொந்த உபயோகத்துக்கு என்றால் 28%, மற்றவற்றுக்கு 5% என்று விகிதம் சிதறிக் கிடந்தது. எது எந்த வகை என்பதில் தகராறு. கடைசியில் 2025 செப்டம்பர் 22 முதல் கேமரா சேர்ந்திருந்தாலும் பிரிந்திருந்தாலும் எல்லா ட்ரோனுக்கும் ஒரே 5% என்று ஜிஎஸ்டி கவுன்சில் முடித்து வைத்தது.

இறக்குமதியிலோ விஷயம் வரியோடு நிற்கவில்லை. 2022 பிப்ரவரி 9 முதல் ட்ரோன்களை முழுதாகவோ பிரித்த நிலையிலோ இறக்குமதி செய்யத் தடை உள்ளது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. ஆக, பெட்டிக்குள் இருப்பது 'ட்ரோனா, ட்ரோன் பாகமா' என்பது வரிக் கேள்வியாக இல்லாமல், உள்ளே வரலாமா கூடாதா என்ற கேள்வியாகிவிட்டது.

எண் தப்பானால் என்ன ஆகும்?

2011-லிருந்து சுங்கத்தில் சுய மதிப்பீடுதான். எந்த எண், எவ்வளவு வரி என்பதை இறக்குமதியாளரே பில் ஆஃப் என்ட்ரியில் எழுதிக் கட்ட வேண்டும். பிறகு அதிகாரிகள் சரிபார்க்கலாம். வரி குறைவாகக் கட்டியதாகத் தெரிந்தால் இரண்டு ஆண்டுக்குள் நோட்டீஸ் வரலாம். வேண்டுமென்றே மறைத்ததாகவோ தவறாகச் சொன்னதாகவோ குற்றச்சாட்டு என்றால் ஐந்து ஆண்டு வரை.

கேமராவிலேயே இதற்குப் பெரிய வழக்கு ஒன்று உண்டு. டிஜிட்டல் ஸ்டில் கேமராக்களுக்குச் சுங்க வரி விலக்கு இருந்தது. 2012-ல் அதற்கு ஒரு விளக்கம் சேர்த்தார்கள்: குறிப்பிட்ட தரத்தில், ஒரே தொடராக 30 நிமிடமாவது வீடியோ எடுக்கும் திறன் கொண்ட கேமராவுக்கு விலக்கு கிடையாது. 2012-ல் விலக்கோடு வெளியே வந்த கேமராக்களுக்கு, வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் 2014-ல் நோட்டீஸ் அனுப்பியது. கேனான் இந்தியாவும் வேறு சில கேமரா நிறுவனங்களும் உச்ச நீதிமன்றம் வரை போயின.

2021 மார்ச் 9-ல் வந்த தீர்ப்பு, அந்த நோட்டீஸை அனுப்ப இயக்குநரக அதிகாரிக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை என்று நிறுவனங்களுக்குச் சாதகமாக அமைந்தது. அதன் தாக்கம் கேமராவைத் தாண்டியது. அந்த இயக்குநரகம் நாடு முழுக்க அனுப்பியிருந்த எத்தனையோ நோட்டீஸ்கள் கேள்விக்குள்ளாகின. 2022-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2024 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றமே மறுஆய்வில் தன் முந்தைய தீர்ப்பை மாற்றி, அதிகாரம் உண்டு என்றது. 2012-ல் வந்த ஒரு கேமராப் பெட்டியின் பஞ்சாயத்து 12 வருடம் ஓடியது. பெரிய நிறுவனத்துக்கு வக்கீல் பட்டாளம் இருக்கிறது. வருடத்துக்கு நாலு பெட்டி இறக்கும் சின்ன வியாபாரி இதைத் தாங்குவாரா?

அதனால்தான் சட்டத்தில் முன்கூட்டிய தீர்ப்பு என்று ஒரு வழி இருக்கிறது. பொருளை இறக்கும் முன்பே, 'இது எந்த எண்ணில் வரும்' என்று கேட்டு எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்கலாம். இதற்கான சுங்க முன்தீர்ப்பு ஆணையங்கள் புதுடெல்லியிலும் மும்பையிலும் உள்ளன. தமிழ்நாட்டில் இல்லை. ஏற்கெனவே தகராறு ஆகிவிட்டால் முதலில் ஆணையரிடம் மேல்முறையீடு, பிறகு தீர்ப்பாயம். தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையில் உண்டு. வரி விகிதம், வகைப்பாடு பற்றிய வழக்கு என்றால் அதற்கடுத்து உயர் நீதிமன்றத்தைத் தாண்டி நேரே உச்ச நீதிமன்றம்தான்.

நாம் என்ன செய்யலாம்?

லென்ஸ் வாங்கும்போது பில்லில் எச்.எஸ்.என் எண்ணைப் பாருங்கள். 9002 என்று இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதாவது இருந்தால் ஏன் என்று கேளுங்கள். 'எந்த நாட்டுத் தயாரிப்பு' என்பதையும் பாருங்கள். ஜப்பான், தென்கொரியா, ஆசியான் நாடுகளோடு இந்தியாவுக்கு வர்த்தக ஒப்பந்தம் உண்டு. அங்கே தயாரானதற்கு உரிய சான்று இருந்தால் இறக்குமதியாளருக்குச் சலுகை வரி கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. அந்தச் சான்றை நிரூபிக்கும் பொறுப்பு 2020 செப்டம்பர் முதல் இறக்குமதியாளருடையது.

வெளிநாட்டிலிருந்து சொந்த உபயோகத்துக்கு நீங்களே கூரியரில் வரவழைத்தால் 9002 கணக்கு பொருந்தாது. தனிநபர் பயன்பாட்டுக்குத் தபாலிலும் விமானத்திலும் வரும் பொருட்களுக்கு 9804 என்று தனித் தலைப்பு, தனி விகிதம். ஊருக்கு வரும் உறவினர் பையில் கொண்டுவந்தால் பயணிகள் பேக்கேஜ் விதிகள். ஆர்டர் போடும் முன், மறைமுக வரிகள் வாரியத்தின் தளத்தில் அன்றைய விகிதத்தைப் பார்த்துவிடுவது நல்லது. எண்ணைக் கொடுத்தால் அந்தப் பொருளுக்கு என்னென்ன அனுமதி வேண்டும் என்று காட்டும் 'கம்ப்ளையன்ஸ் இன்ஃபர்மேஷன் போர்ட்டல்' என்ற தளமும் உண்டு. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழே இருந்தாலும், பெரிய கருவிகள் வாங்கப் போகும் ஸ்டுடியோக்காரர்கள், தாமாக முன்வந்து ஜிஎஸ்டி பதிவு செய்தால் லாபமா நஷ்டமா என்று ஒருமுறை ஆடிட்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. கேமரா இருக்கா இல்லையா என்று பார்த்து மூன்று விகிதம் வைத்திருந்த ட்ரோனை ஒரே விகிதத்துக்குக் கொண்டுவந்தார்கள். பவர் கண்ணாடியை ஆடம்பரமாகப் பார்க்காமல் 5%-க்கு இறக்கினார்கள். பார்வைக்கான லென்ஸ் அவசியம் என்று ஒப்புக்கொண்ட அட்டவணை, பிழைப்புக்கான லென்ஸைப் பற்றியும் யோசிக்கலாம். செல்போன் ஆலைக்குக் கேமரா லென்ஸ் மூலப்பொருள் என்றால், கம்பத்து ஸ்டுடியோவுக்கு அது கலப்பை மாதிரி. அதை வைத்துத்தான் அடுத்த முகூர்த்தத்துக்கு ஆர்டர் பிடிக்க வேண்டும்.